பதினொரு நிமிடமும் அதற்குப் பின்னும்

2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். அந்நாளில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருக்கழுக்குன்றத்தைச் சார்ந்த ஹிதேந்திரன் என்னும் 15 வயது மாணவன், சாலை விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு எய்தினான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். பெற்ற வயிறு பற்றியெரிந்த அந்த வேளையிலும் மகனின் உறுப்புகளைப் பிறர்க்கு ஈந்தனர். காவல் துறையினர் சென்னை நகரின் போக்குவரத்தை விலக்கி வழிசெய்து கொடுக்க, அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமியின் மார்பில் அது துடிக்கலாயிற்று.

தமிழ்நாட்டின் உறுப்புக்கொடை வரலாற்றை அந்த நாளுக்கு முன், அந்த நாளுக்குப் பின் என்றே பிரித்துவிடலாம். உறுப்பு மாற்றுக்கான மையச் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. ஆயினும் சட்டம் செய்யாததை ஒரு குடும்பத்தின் துணிவு செய்தது. உறுப்பு ஈந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் மாநில அரசு அறிவித்தது. திரைப்படங்களும் வந்தன. நாம் பார்த்தோம், கண்ணீர் விட்டோம், கைதட்டினோம்.

அந்த 11 நிமிடத்தைப் பாராட்டாதார் இல்லை. பாராட்டட்டும், பாராட்டத்தான் வேண்டும். ஆனால், மாணவ நண்பர்களே, பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து என்ன நடக்கிறது? உறுப்பைப் பெற்றவர் ஊர் திரும்பிய பின், அவரையும் அந்த உறுப்பையும் காப்பது யார்? இந்தக் கேள்வியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் கேட்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. என் சித்தப்பா முப்பது ஆண்டு குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். 2019-இல், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதரைக் காண வரிசையில் நின்றபோதுதான், பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பதை அவர் முதன்முதலாக வெளியில் சொன்னார். கூட்டத்தின் நெரிசல் என்றே நினைத்தோம். அடுத்த இரண்டு ஆண்டில் நுரையீரல் இரண்டும் நார்நாராய்த் தழும்பேறிச் சுருங்கிவிட்டன. புறாவின் எச்சம், ஈரச் சுவரின் பூசணம், தறியின் தூசி என்று மருத்துவர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் சுட்ட முடியவில்லை. நாட்டின் பல நகர மருத்துவர்கள் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட பதிவேடு ஒன்றில், இவ்வகை நுரையீரல் நோயாளர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு, மூச்சோடு உட்புகும் இத்தகைய பொருள்களின் ஒவ்வாமையே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். கோபுரந்தோறும் புறா அடையும் நம் ஊரில் இது சிந்திக்கத்தக்கது. கோபுரத்தையும் விட முடியாது, புறாவையும் விரட்ட முடியாது என்பது வேறு செய்தி.

2022 தை மாதத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு இரு நுரையீரலும் மாற்றப்பட்டன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும், சித்தி கழுத்தில் கிடந்ததும், உறவினர் கைமாற்றாகக் கொடுத்ததும் சேர்ந்து செலவை ஈடுகட்டின. ஈந்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. மாதந்தோறும் அந்தத் தேதியில் சித்தி ஒரு விளக்கை ஏற்றி, "எந்த ஊர்ப் புள்ளையோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவார்.

சிறுநீரக மாற்றையும் இதய மாற்றையும் கேள்விப்பட்ட அளவுக்கு நாம் நுரையீரல் மாற்றைக் கேள்விப்பட்டதில்லை. காரணம் உண்டு. உள்ளுறுப்புகளில் நுரையீரல் ஒன்றுதான் தெருவை நோக்கித் திறந்த வாசல் வைத்திருப்பது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று அதனுள் போய் வருகிறது. காற்றோடு தூசியும் கிருமியும் போகின்றன. அறுவையின்போது நரம்புகள் அறுபடுவதால், இணைப்புக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் வருவதில்லை. காவல்காரனும் உறங்கிவிட்ட திறந்த வீடு! இந்த நிலையில், புதிய உறுப்பை உடல் பகையென்று தாக்காதிருக்க, உடலின் எதிர்ப்பாற்றலையே மாத்திரையால் அடக்கி வைக்கிறார்கள். அடக்கினால் கிருமி வெல்லும். அடக்காவிட்டால் உடலே உறுப்பைத் தின்னும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில்தான் அவர் ஆயுள் முழுவதும் நடக்க வேண்டும்.

உலகின் முதல் நுரையீரல் மாற்றை 1963-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ நாற்பது முயற்சிகள். நிலைத்தவர் இல்லை எனலாம். பெரும்பாலும் தோற்றது எங்கே என்றால், பழைய மூச்சுக்குழலும் புதிய மூச்சுக்குழலும் சேருமிடத்தில். தையல் ஆறாமல் பிரிந்தது. உடலும் கரையும் சேரும் கோர்வையில் பிசகினால் சேலை கிழியும் என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். 1983-இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர், வயிற்றினுள் இருக்கும் கொழுப்புத் திரையை இழுத்து அந்த இணைப்பைச் சுற்றிப் போர்த்தி இரத்த ஓட்டம் கொடுத்தார். சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தும் கைகொடுத்தது. அந்த நோயாளி ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். நார்வே நாட்டு மேட்டுநில மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது சைக்ளோஸ்போரின். இன்று அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா ஊர் மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்தது. மனித அறிவு ஆகாயத்தை நோக்கியிருந்த காலத்தில் காலடி மண் உயிர்காத்திருக்கிறது!

இந்தியாவில் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றும் அறுவையை 1999-இல் சென்னையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். 2020 ஆகஸ்டில், கொரோனாவால் நுரையீரல் அழிந்த ஒருவருக்கும் சென்னையிலேயே மாற்று நடந்தது. ஆக, கத்தியின் திறத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர்.

பின் எங்கே தளர்கிறோம்? உலகளாவிய பதிவேடுகளைப் பார்த்தால், நுரையீரல் மாற்றுப் பெற்றவர்களில் பாதிப் பேரே ஆறேழு ஆண்டுகளைக் கடக்கிறார்கள். இதயம் பெற்றவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டையும் தாண்டிவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடத் தொடங்குகின்றன. நாட்பட்ட நிராகரிப்பு என்று இதைக் கூறுவர். வந்தபின் விரட்ட முடியாது. முளையிலேயே கண்டால் ஓரளவு தடுத்து நிறுத்தலாம். முளையிலேயே காண்பது எப்படி? இங்கேதான் வீடு வருகிறது.

உள்ளங்கையில் அடங்கும் ஸ்பைரோமீட்டர் ஒன்று எங்கள் கூடத்து மாடத்தில் இருக்கிறது. நாள்தோறும் காலையில் சித்தப்பா அதில் முழு மூச்சையும் ஊதுவார். முதல் ஒரு நொடியில் வெளிவந்த காற்று எத்தனை லிட்டர் என்று அது காட்டும். அதை நான் நோட்டில் எழுதுவேன். அவருடைய நல்ல எண் 2.30. அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்து இரண்டு நாள் அப்படியே நின்றால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டும். உடம்பு உணர்வதற்கு முன்பே எண் உணர்ந்துவிடும். ஒரு பள்ளிக் கணக்கு நோட்டும், பேனாவும், ஐந்து நிமிடமும் செய்யும் வேலை இது. செலவே இல்லாத இந்த வேலைதான் எங்கும் தவறிப்போகிறது. ஊதுவது அலுப்புத் தட்டும். "நேத்துதானே ஊதினேன், விடுடா" என்பார். விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

அவரைத் தறிக் குழியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மண் தரையின் ஈரத்தில் வளரும் பூஞ்சை மற்றவர்க்கு ஒன்றும் செய்யாது, அவருக்கு எமன். ஆகவே ஜக்கார்டு அட்டைக்காகக் கட்டத்தாளில் புட்டாவும் கொடியும் அன்னமும் வரைந்து நிரப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். கை அவருக்கு அப்படி! ஒரு கட்டம் தப்பாது.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் நான்தான் அழைத்துச் சென்றேன். முன்னால் நாற்பது பேர் இருந்தனர். எங்கள் முறை வந்தபோது, "நாலு நாளாச் சளி, இருமல் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சித்தப்பா அப்போது பார்வைக்கு என்னைவிட நலமாக இருந்தார். மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்னும் ஆண்டிபயாடிக் ஐந்து நாளைக்கு எழுதினார். சளிக்கும் இருமலுக்கும் எல்லோருக்கும் எழுதுவதுதான். நான்காம் நாள், கட்டத்தாளில் பென்சில் கோடு தாண்டி ஓடியது. மார்கழிக் குளிர் என்று சித்தி கம்பளியைப் போர்த்தினார். ஆறாம் நாள் குமட்டல், கால் வீக்கம். சென்னைக்கு ஓடினோம். அந்த ஆண்டிபயாடிக், டாக்ரோலிமஸ் உடலில் கரைவதைத் தடுத்துவிடுமாம். உள்ளே மருந்து தேங்கித் தேங்கி நஞ்சாகியிருந்தது. கை நடுக்கம் அதன் அறிகுறி. உயிர் தப்பியது. சிறுநீரகங்கள் மட்டும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்த எழுபத்தைந்து கிலோமீட்டரும் 108 வண்டியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கை ஆடிக்கொண்டே வந்தது.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்காதது அவர் பிழையென்றால், சொல்லாதது என் பிழை. இதில் ஒரு வேடிக்கை: அதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசின், நாட்பட்ட நிராகரிப்பைத் தணிக்க மருத்துவர்களே கொடுக்கும் மருந்து. அண்ணன் தம்பிகளிடையிலும் இப்படி உண்டல்லவா? காச நோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக, டாக்ரோலிமஸை விரைவில் எரித்து உறுப்பைப் பாதுகாப்பின்றி விட்டுவிடும். காசம் மிகுந்த நம் நாட்டில் இது சிறிய அபாயமன்று. பம்பளிமாஸ் பழம்கூட ஆகாது. இவையெல்லாம் மருத்துவமனை கொடுத்தனுப்பிய கோப்பில் இருந்தன. ஆம், இருந்தன! நாற்பது பக்கம், முழுதும் ஆங்கிலம். மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் சித்தி. அவர் தமிழ் ஐந்தாம் வகுப்பு.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நான்காமவனை அவர் மறக்கவில்லை. நாம்தான் மறந்தோம். கோர்வைத் தறியில் கரை நாடாவை வீச ஒரு துணைக்கை இல்லாமல் எவ்வளவு பெரிய நெசவாளியாலும் நெய்ய முடியாது. அந்தத் துணைக்கைக்குக் கூலி குறைவு, பெயரும் கிடையாது. மாற்று அறுவையிலும் அப்படியே. துணைக்கைக்குப் பயிற்சி கொடுப்பார் இல்லை.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகக் கூறுகிறேன். பின்காப்பு சென்னையில் இருந்தால் போதாது. அது காஞ்சிபுரத்துக்கு வர வேண்டும். நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒருநாள் காலை, சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ நுரையீரலோ மாற்றுப் பெற்றவர்க்கென்று ஓர் அறை திறந்திருக்க வேண்டும். மூச்சுச் சோதனையும், காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய இரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் ஏற்பாடும், மாற்று மையத்தோடு தொலைபேசியில் பேசப் பழகிய ஒரு செவிலியரும் அங்கே இருந்தால் போதும். இன்றோ ஒரு குழாய் இரத்தத்துக்காக விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, நெரிசல் பேருந்தில் கிருமிக் கூட்டத்தினூடே போய் வருகிறோம். இரத்தம் கொடுக்கப் போய் நோய் வாங்கி வரும் பயணம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் எங்கள் தெருவுக்கே வந்தன. பக்கத்து வீட்டுக்கு வந்த அந்தக் கை எங்கள் வீட்டுக்கும் நீளக்கூடாதா? டாக்ரோலிமஸ் மருந்துக் கடையில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போது, அந்த நாளை எவ்வளவு நீளமானது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு பேராசிரியர் மறுத்தார். அவர் மறுப்பு மதிக்கத்தக்கது. "காசநோயாளிகள் ஆயிரமாயிரம் பேர், ஆஸ்துமாக்காரர் தெருத்தெருவாய். விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்காக அரசு ஏன் ஓர் அறையைத் திறக்க வேண்டும்?" என்றார். சில நாள் இதற்கு விடையின்றித் திரிந்தேன். இன்று இரண்டு சொல்வேன். மூச்சை அளக்கும் கருவியும் பழகிய செவிலியரும் வந்துவிட்டால், வாரத்தின் மற்ற நாள்களில் அவை பட்டுத் தூசி உண்ட நெசவாளிக்கும் காசம் தீர்ந்தும் மூச்சுத் தேறாதவர்க்கும்தான் பயன்படப் போகின்றன. நுரையீரல் பெற்றவர் அந்தக் கதவைத் தட்டும் முதல் ஆள், அவ்வளவே. இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் பெற்றோரிடம் போய் உறுப்பைக் கொடுங்கள் என்று கேட்கிறோம். கொடுத்ததை ஒரு ஐந்து நாள் மாத்திரையில் இழந்துவிடும் நிலையில் நம் ஊர்களை வைத்துக்கொண்டு, அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உறுப்புக்கொடை நாளில் ஊர்வலம் போகும் நாம், அன்றே இதையும் கேட்டாக வேண்டும் என்பது என் துணிபு. பெரிய நோயின் மருத்துவம் தலைநகருக்கே உரியது என்று விதியில்லை. அண்ணா மறைந்த 1969-லேயே அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை நம் காரப்பேட்டையில் எழுந்ததன்றோ!

அறை திறப்பது அரசின் வேலை. நம் வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு மருத்துவக் கல்லூரி வேண்டாம், கலைக் கல்லூரியே போதும். சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டை. ஒரு பக்கம் தமிழில்: இவர் மாற்று நுரையீரல் பெற்றவர், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ஊதும் எண் எவ்வளவுக்குக் கீழே போனால் யாரை அழைப்பது, காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது, எந்தத் தடுப்பூசி ஆகும், உயிருள்ள கிருமி கலந்த எது ஆகாது. மறுபக்கம் மருத்துவருக்கும் மருந்துக் கடைக்கும்: கேளாமல் தரக்கூடாத மருந்துகளின் பெயர்கள். மார்கழியில் என் சட்டைப் பையில் இப்படி ஒன்று இருந்திருந்தால், நான் வாய் திறக்காவிட்டாலும் அது பேசியிருக்கும். சென்னை மருத்துவமனையின் செவிலியர் அக்கா தொலைபேசியில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார். வேதியியல் நண்பர்கள் இருவர் மருந்துப் பெயர்களை ஒழுங்கு செய்தனர்.

சிக்கல் தமிழ்ச் சொல்லில் வந்தது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைக்கு "நோயெதிர்ப்பு ஒடுக்கி" என்று எழுதினோம். தமிழ்த் துறையில் "தடுப்பாற்றல் ஒடுக்கி" என்று திருத்தினர். இரண்டையும் சித்தியிடம் படித்துக் காட்டினேன். "நோயை எதிர்க்கறதை ஏண்டா ஒடுக்கணும்? படிச்சா சாப்பிடவே பயமா இருக்கு" என்றார். அவர் அந்த மாத்திரைக்கு வைத்திருக்கும் பெயர் "அடக்கற மாத்திரை". காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. தமிழ்த் துறைப் பேராசிரியர் சிறிது நேரம் யோசித்து, தம் திருத்தத்தைத் தாமே அடித்துவிட்டார். அட்டையில் இப்போது "அடக்கற மாத்திரை" என்றே இருக்கிறது.

முதற்படியில் ஐம்பது அட்டை அச்சிட நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் இசைந்திருக்கிறார். உங்கள் தெருவில், உறவில், மாற்று உறுப்புப் பெற்றவர் யாரேனும் இருந்தால் புதன்கிழமை மதியம் தமிழ்த் துறை அறைக்கு வாருங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறவாமல் கொண்டு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். காலையில் மட்டும் வர இயலாது. ஆறு மணிக்கு நோட்டு எழுத வேண்டும். இதை எழுதி முடித்த இன்றைய எண் 2.12.